யார் பேரும் வராமல்

காலை ஐந்து ஐம்பதுக்கு, வேலையாட்களை நிறுத்தி எண்ணும் பெரட்டுக் களத்தில் மூன்று செம்பனைக் குலைகள் வரிசையாகக் கிடந்தன. மூன்றும் பழுக்காதவை. கறுத்து, இறுகி, ஒரு பழம்கூட உதிராமல் இருந்தன.

ஆள்கணக்கு முடிந்ததும், ஆட்களை மேய்க்கும் மண்டோர் குணாளன் முதல் குலையைப் பூட்ஸ் காலால் புரட்டினான். வெட்டிய காம்பில் நீல மெழுகுக்கட்டியால் 9 என்று எழுதியிருந்தது. குலை வெட்டுகிறவன் தன் நம்பரைத் தானே காம்பில் எழுத வேண்டும். அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். அதற்கு மேல் உள்ளது குணாளன் கண்டுபிடித்தது. காயை வெட்டியவன் மறுநாள் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் வந்து தன் குலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெட்டியது நான்தான் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் லோரி கிளம்பும்.

“ஒம்பது யாரு?”

ஒன்பது ஒரு பங்களாதேஷ்காரன். முன்னால் வந்து நின்றான். மரம் உயரம், வெளிச்சம் போதவில்லை, அரிவாள் மொக்கை என்று மலாயில் தொடங்கினான்.

“மரமா இறங்கி வந்து வெட்டுச்சு? அரிவா தானா எந்திரிச்சுப் போய் வெட்டுச்சா?” குணாளன் தமிழிலேயே கேட்டான். களத்தில் இருந்த அறுபது பேரில் தமிழர்கள் ஐந்து பேர்தான். ஐந்து பேரும் கடமைக்குச் சிரித்தார்கள். “நம்பர் போட்டா நீதான். கதையெல்லாம் வேணாம். சொல்லு.”

ஒன்பது சொன்னான். மற்ற இரண்டு பேரும் சொன்னார்கள். லோரி கிளம்பியது.

ரெம்பாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் குணாளன் இருபத்திரண்டு வருஷமாக மண்டோர். வயது ஐம்பத்தைந்து. பொறுப்பு என்ற சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வான். அவன் பெண்டாட்டி ரோகினி வீட்டை விட்டுப் போய் அன்றோடு நாற்பத்தொரு நாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னான். காரணத்துக்கு அவனிடம் என்றுமே பஞ்சம் வந்ததில்லை. ஆபீசில் கேட்டபோது, மகளுக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாள் என்றான். கடையில் கேட்டபோது, ஏழரைச் சனி நடக்கிறது என்றான். செண்டாயானில் இருக்கிற மகள் மோகனாதான் அம்மாவைத் தூண்டிவிட்டாள் என்று நெருங்கியவர்களிடம் சொன்னான். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவன்தான், மகள்தான் காரணம் என்றதும் அவன்தான். இரண்டுக்கும் நடுவில் அவனுக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

நடந்தது சின்ன விஷயம். ரோகினிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே நாள் குறித்துக் கொடுத்தார்கள். குணாளன் அந்த நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம்போட்டான். அவன் செய்தது அவ்வளவுதான். நாள் நெருங்கியதும், “மெனேஜர் லீவு தரமாட்டேன்னுட்டாரு. ஆடிட் வருதாம்” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் அப்படி வாடிப்போயிருந்தது. அவள்தான் அவனைத் தேற்றினாள்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா கூடப் போனாள். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். மூன்று ராத்திரி வார்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினாள். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு கேட்க வேண்டிய தொல்லை இல்லாத நாள். குணாளன் காடியை ஓட்டிக்கொண்டு, கோழிச் சாறு பாட்டில் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, காடி நிறுத்த இடம் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனதைப் பற்றிப் பேசினான். அதைப் பற்றி மட்டும் பேசினான்.

ரோகினியும் அதே தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்தான். மூன்று வாரம் கழித்து டாக்டர் கடிதத்தைக் கொடுக்க ஆபீசுக்குப் போனாள். கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் கடிதத்தை வாங்கிக்கொண்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் கேட்டார்.

“ஏம்மா, மண்டோரு ஒரு நாள்கூட லீவு கேக்கலியே? மெனேஜரே எங்கிட்ட கேட்டாரு. பெண்டாட்டிக்கு ஆப்பரேசன், இந்தாளு பிளாக்குல நிக்கிறானேன்னு.”

அவள் வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள். அவனுக்குப் போட்டாள். மறுநாள் அவன் பெரட்டுக்குப் போன பிறகு மோகனா காடியில் வந்தாள். ரோகினி ஒரு பையோடு ஏறிப் போய்விட்டாள். அவன் போனுக்கு ஒரே ஒரு வரி வந்தது. ‘நீங்க லீவு கேக்கவே இல்லையாமே.’

குணாளன் உடனே பதில் போட்டான். ‘யார் சொன்னது?’

அதற்கப்புறம் அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

நாற்பத்தொரு நாளில் அவன் தன்னைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறைய யோசித்தான். யோசித்த முடிவில் தனக்கு யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தான். நல்ல குடும்பம் நாலு நாளில் உடையுமா? உடைத்தால்தானே உடையும்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்கு, தோட்டத்து எல்லையில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குப் போனான். பகலில் டிராக்டர் ஓட்டும் சன்னாசி மேல் வெள்ளிதோறும் முனியாண்டி இறங்கும். குணாளன் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். பகலில் அவன் சன்னாசியை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவான்.

சாமி சுருட்டைப் பற்றவைத்தது. “என்னடா பாலகா?”

“பொண்டாட்டி போயிட்டா சாமி. யாரோ என்னமோ பண்ணிட்டாங்க.”

“பண்ணியிருக்கு.”

“யாரு சாமி?”

சாமி புகையை விட்டது. வானத்தைப் பார்த்தது. “கிட்டத்துலதான் இருக்கு.”

“பக்கத்து வீடா சாமி?”

“பக்கம்.”

“பொம்பளையா?”

“பொம்பள.”

“தாயம்மாவா சாமி?”

சாமி சுருட்டின் நுனியைப் பார்த்தது. “அதான் நீயே சொல்லிட்டியே” என்றது.

குணாளனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டதே என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

மறுநாள் காலை வேலை நேரத்தில், பிளாக்கைப் பார்க்க வேண்டியவன் ஆயாக்கொட்டகைக்குப் போனான். தாயம்மா பிள்ளைகளின் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது. கை வேலையை நிறுத்தாமல் பேசுகிறவள்.

“வாங்க மண்டோரு. பிள்ள ஏதாச்சும் விட வந்தியா?”

“வெளையாடாதீங்க. எங்க வீட்டுல என்ன வச்சீங்க?”

“என்ன வச்சேன்?”

“எனக்குத் தெரியும். சாமியே சொல்லிருச்சு. எனக்கும் ரோகினிக்கும் நடுவுல நீங்கதான் என்னமோ வச்சிருக்கீங்க.”

தாயம்மா ஈரச் சட்டையை உதறினாள். தண்ணீர் அவன் முகத்தில் தெறித்தது.

“ஆமாந்தம்பி. வச்சேன். என்னென்ன வச்சேன்னு சொல்றேன், கேட்டுக்க. மொத நாளு வாளி வச்சேன், அவ வாந்தி எடுக்க. ரெண்டாம் நாளு கஞ்சி வச்சேன். மூணாம் நாளு அவ தலமாட்டுல போன வச்சேன், நீ பேசுவேன்னு. அந்த ஒரு மருந்துதான் வேலை செய்யல.”

“நான் நாலு மணிக்குப் போன் போட்டேன்ல?”

“போட்ட. எனக்குப் போட்ட. ‘முடிஞ்சிருச்சா?’ன்னு கேட்ட. லோரி வந்துருச்சான்னு கேப்பாங்க பாரு, அதே மாதிரி.”

“சாமி பொய் சொல்லுமா?”

“எந்தச் சாமி? சன்னாசியா? காலையிலயே டிராக்டர நிப்பாட்டிட்டு வந்து, ‘அக்கா, மனசுல வச்சுக்காதீங்க, அந்தாளே பேரக் கொண்டாந்து வாயில திணிக்கிறாரு, நான் என்னா பண்றது’ன்னு சொல்லிட்டுப் போறான்.” அவள் அடுத்த துணியை எடுத்தாள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஒனக்குக் கூடம் மட்டுமா கோணலு? தோட்டமே கோணல்லா. ரெம்பாவே கோணலு.”

உள்ளே ஒரு குழந்தை அழுதது. தாயம்மா போகத் திரும்பியவள் நின்றாள்.

“இந்த நாப்பது நாள்ல அவளுக்கு எத்தன தடவ போன் போட்ட?”

“அவ எடுக்கணும்ல.”

“போட்டாத்தானடா எடுக்க?”

குணாளன் மோட்டரை உதைத்துக் கிளம்பினான். பத்தொன்பதாம் பிளாக்கில் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் தாயம்மாவை மனசுக்குள் திட்டினான். பிறகு வேறு வேலை இல்லாததால் போன் போட்டான்.

இரண்டாவது மணியில் ரோகினி எடுத்தாள்.

“சாப்ட்டீங்களா?” என்றாள். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. கேட்டதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டது அடுத்த மூச்சில் தெரிந்தது.

“எங்க சாப்பிடறது? வீடு வீடாவா இருக்கு? எல்லாம் மோகனா பண்ற வேலை. ஒன்ன அங்க கொண்டு போய் வச்சுக்கிட்டு…”

“வச்சிடட்டா?”

“இரு, இரு. எப்ப வர்ற?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

“மாப்ளைக்குப் பினாங்குக்கு மாத்தலாகியிருக்கு. ரெண்டு பேரும் அடுத்த மாசம் போறாங்க. என்னையும் கூடவே வந்து இருன்னு சொல்றாங்க. புதன்கிழமைக்குள்ள நான் பதில் சொல்லணும்.”

“பினாங்கா?” என்றான் குணாளன். செண்டாயான் அரை மணி நேரம், எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம். அதனால்தான் அவன் நாற்பத்திரண்டு நாள் போகாமல் இருந்தான். பினாங்கு என்றால் ஐந்து மணி நேரம், அது வேறு.

“நான் வீட்டுக்கு வரேன். ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. இங்க வாங்க. மோகனா, மாப்ள ரெண்டு பேரு முன்னுக்கும், ஆப்பரேசன் அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒங்க வாயால சொல்லுங்க. அதுல வேற யார் பேரும் வரக்கூடாது. மெனேஜர் வரக்கூடாது. ஒங்கம்மா வரக்கூடாது. சாமி, சனி, ஒண்ணும் வரக்கூடாது. சொல்லிட்டீங்கன்னா அப்பவே பைய எடுத்துக்கிட்டு ஒங்க காடியில ஏறுறேன்.”

“மாப்ள முன்னுக்கா? எனக்குன்னு ஒரு மரியாத இல்லையா?”

“பெரட்டுல அறுவது பேரு முன்னுக்கு அந்தப் பையனுங்கள சொல்ல வைக்கிறீங்க. நான் ரெண்டு பேருதான் கேக்கறேன்.”

“அது வேலை, ரோகினி.”

“இது என்னா?”

அதோடு அவள் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குணாளன் ஒத்திகை பார்த்தான். சட்டையைத் தேய்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். குளித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். ‘மெனேஜர் ரொம்ப பிசியா இருந்தாரு, அதனால நான்…’ முதல் வார்த்தையிலேயே மெனேஜர் வந்து உட்கார்ந்துகொண்டார். ‘எங்கம்மா அந்த ஆஸ்பத்திரியிலதான் செத்தாங்க, அதுலேருந்து எனக்கு…’ அம்மா வந்துவிட்டாள். செத்துப் பதினாறு வருஷமான அம்மா. உயிரோடு இருந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டதும் ரோகினிதான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவும்போது ஒரு சொல் கிடைத்தது. சூழ்நிலை. ‘அன்னிக்குச் சூழ்நிலை அப்படி அமைஞ்சுபோச்சு.’ அதில் யார் பேரும் இல்லை. யாரும் அதைப் போய்க் கேட்கவும் முடியாது. குணாளனுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு மூன்று தடவை உரக்கச் சொன்னான். அதற்கு ஒரு கௌரவமும் இருந்தது. இதைத்தான் படித்தவர்கள் சொல்கிறார்கள் என்று நினைத்தான். அது உண்மைதான்.

திங்கட்கிழமை பெரட்டில் ஒரே ஒரு காய்க்குலை கிடந்தது. நம்பர் 17.

பதினேழு புது ஆள். பெயர் ரஃபிக். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குணாளன் கூப்பிடுவதற்கு முன்பே வரிசையிலிருந்து வந்து குலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

“சாயா போத்தோங்,” என்றான். “சாலா சாயா.”

நான்தான் வெட்டினேன், என் தப்பு. அவ்வளவுதான் சொன்னான். வரிசைக்குத் திரும்பப் போனான்.

குணாளன் வாயைத் திறந்தபடி நின்றான். மரத்தைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, அரிவாளைப் பற்றி அவன் கேட்க வேண்டிய கேள்விகள் வாயில் தயாராக இருந்தன. எதற்கும் இடமில்லாமல் போயிற்று.

“நில்லு. கெனாப்பா?” ஏன் என்று கேட்டான்.

பதினேழு நின்றான். உண்மையாகவே யோசித்தான். பழுத்துவிட்டதா என்று தலையைத் தூக்கிப் பார்க்கச் சோம்பலாக இருந்தது என்று மலாயில் சொன்னான்.

களமே சிரித்தது. இந்தத் தடவை கடமைக்குச் சிரிக்கவில்லை. பதினேழும் சேர்ந்து சிரித்தான். பக்கத்தில் நின்றவன் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். எல்லாரும் லோரியில் ஏறினார்கள். காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

குணாளனுக்கு அது பிடிக்கவில்லை. திட்டாமல் விட்ட திட்டு தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. டிராக்டர் பக்கம் போய்ச் சன்னாசியிடம் சொன்னான்.

“பாத்தியாடா அவன? ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியல. இவனெல்லாம் எங்க பொழைக்கப் போறான்?”

“அவன் பொழைச்சுக்குவான்லா,” என்றான் சன்னாசி. முகத்தைப் பார்க்காமல் டிராக்டரைக் கிளப்பினான்.

பத்து மணிக்குக் குணாளன் ஆபீசுக்குப் போனான். கிராணி அமிர்தலிங்கம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

“நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும்.”

“அட. லீவு பாரம் எங்க இருக்குன்னு தெரியுமா மண்டோரு? ஒங்களுக்குப் பின்னாலதான். இருவத்திரண்டு வருசமா அங்கதான் இருக்கு.”

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். ‘குடும்பம்’ என்று எழுதினான். கிராணி அதை எடுத்துக்கொண்டு மெனேஜர் அறைக்குள் போனார். எச்சில் விழுங்குகிற நேரத்தில் வெளியே வந்தார். கையெழுத்து ஆகியிருந்தது.

“இவ்வளவுதானா?” என்றான் குணாளன்.

“இவ்வளவுதான்,” என்றார் கிராணி.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் செண்டாயான் போய்ச் சேர்ந்தான். வரிசை வீடுகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே கேட். மகள் வீட்டைத் தாண்டி இரண்டு தடவை போனான். இப்படி வீடு கட்டியவர்களைத் திட்டினான். அந்த வீட்டுக்கு அவன் வருவது அதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை பால் காய்ச்சிய அன்று வந்தது.

மோகனா கேட்டைத் திறந்தாள். பேக்டரியில் அவளுக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்ட். தூங்காத கண். “வாங்கப்பா,” என்றாள். மாப்பிள்ளை தர்மேந்திரன் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். இப்படி ஒரு கூட்டத்தில் இருப்பதைவிட வேலையிடத்தில் மிஷினுக்கு அடியில் படுத்திருக்கலாம் என்று அவன் முகம் சொன்னது.

ரோகினி உள்ளேயிருந்து வந்தாள். தன் பிரிவில் அவள் இளைத்துப்போயிருப்பாள் என்று குணாளன் நினைத்து வந்தான். இளைக்கவில்லை. முகம் தெளிந்திருந்தது. நடையிலும் வலி தெரியவில்லை. அது அவனுக்கு அவமானமாக இருந்தது.

தண்ணீர் வந்தது. குடித்தான். கிளாசைக் கீழே வைத்தான். தொண்டையைச் செருமினான்.

“எல்லாரும் இருக்கீங்க. நான் சொல்லிடறேன். அன்னிக்குச் சூழ்நிலை அப்படி அமைஞ்சுபோச்சு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“சூழ்நிலைன்னா யாரு?” என்றாள் ரோகினி. “ஒங்க கூட்டாளியா?”

மோகனா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

“என்னா சிரிப்பு? பெரியவங்க பேசறப்ப?” என்றான் குணாளன். “சரி. நேராவே சொல்றேன். மெனேஜர்கிட்ட போய் நின்னா அவரு ஆயிரம் கேள்வி…”

“ஒண்ணு,” என்றாள் மோகனா. ஒரு விரலை மடக்கினாள்.

“ஏய், நீ சும்மா இரு. எல்லாம் நீ குடுக்கற எடம்தான் ஒங்கம்மாவுக்கு…”

“ரெண்டு. நானும் வந்துட்டேன்.”

“எனக்கு அந்த வார்டு வாசலே ஆகாது. எங்கம்மா அங்கதான…”

“பாட்டியையும் இழுத்தாச்சு. மூணு.”

தர்மேந்திரன் எழுந்தான். “நான் போய்த் தே தண்ணி கலக்கிட்டு வரேன் மாமா.”

“ஒக்காருங்க மாப்ள,” என்றாள் ரோகினி. அவன் உட்கார்ந்தான்.

குணாளனுக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. சாவியைக் கையில் எடுத்தான். போனால் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரிக்குள் நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிடும். மாப்பிள்ளை முன்னால் அவமானப்படுத்தினாள், அதனால் வந்துவிட்டேன். தோட்டத்தில் எல்லாரும் நம்புவார்கள். தாயம்மாவைத் தவிர எல்லாரும். ரோகினி பினாங்குக்குப் போய்விடுவாள். அதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். அதையும் எல்லாரும் நம்புவார்கள். அப்படி நம்ப வைத்துக்கொண்டே, தானே சோறு வடித்துத் தின்றுகொண்டு, இன்னும் இருபது வருஷம் இருக்கலாம்.

ரோகினி அவனைப் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. மடியில் கைவைத்துக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் டிவி ஓடுவது கேட்டது.

“நான் லீவு கேக்கல,” என்றான்.

யாரும் விரல் மடக்கவில்லை.

“நான் கேக்கவே இல்ல.” சாவியைப் பார்த்துப் பேசினான். “கேட்டிருந்தா கெடச்சிருக்கும். அன்னிக்குப் பன்னண்டு மணிக்கே வேலை முடிஞ்சுபோச்சு. அப்பக்கூட வந்திருக்கலாம். வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டேன். படுத்தேன். நாலு மணி வரைக்கும் படுத்திருந்தேன். தூங்கிட்டேன்.”

முதல் வரி மட்டும்தான் சொல்ல வந்தான். பின்னால் உள்ளவை தானாக வந்துவிட்டன. கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகு அவனுக்கே அது புதிதாகக் கேட்டது. அவள் கத்திக்கு அடியில் கிடந்தபோது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இதுநாள் வரை அந்த மத்தியானத்தில் மெனேஜர் இருந்தார், ஆடிட் இருந்தது, அம்மா இருந்தாள், சனி இருந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிப் பார்த்தால் பாயில் அவன் ஒருவன்தான் கிடந்தான்.

கூரை இடிந்து விழவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். மோகனா கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். குணாளன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். இவ்வளவு பெரிய காரியம் செய்ததற்கு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான்.

ரோகினி எழுந்து உள்ளே போனாள். பையோடு வந்தாள். பை முன்னாலேயே கட்டித் தயாராக இருந்திருக்கிறது.

“அம்மா, நெசமாவே போறியா?”

“சொன்னேன்ல.”

“பினாங்குல ரூம்புகூட பாத்து வச்சிருக்கு.”

“ரூம்பு எங்கயும் போவாது. நான் வந்து பத்து நாள் இருந்துட்டு வருவேன். மீன் கொழம்பு பிரிஜ்ஜுல இருக்கு. மாப்ளைக்குச் சுட வச்சுக் குடு.”

கேட்டுவரை வந்த மோகனா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “அப்பா, இனிமே அங்கேருந்து ஏதாச்சும் கதை வந்துச்சு, நேரா காடிய எடுத்துக்கிட்டு வந்துருவேன். சொல்லிட்டேன்.”

“நான் எதுக்கும்மா கதை சொல்லப் போறேன்?” என்றான் குணாளன்.

பையைப் பின்சீட்டில் வைத்தான். காடிக் கதவை அவளுக்குத் திறந்து விட்டான். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. தனக்குள் பெருமையாக இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபோது உடம்பு லேசாகிவிட்டது. உண்மை பேசுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தான். தோட்டத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று அதற்குள் மனசு அடுக்க ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைதான் பேசிச் சமாதானம் பண்ணி வைத்தார் என்று சொல்லலாம். நன்றாகத்தான் இருந்தது.

“போவமா?” என்றான்.

ரோகினி சீட் பெல்ட்டை இழுத்தாள். அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தை அழுத்தாமல் ஒரு கையால் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மாட்டினாள். அவன் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாவியைத் திருப்பப் போன கை நின்றது.

அவள் கண்ணாடி வழியாக நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. பசாரில் மீன் விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அன்னிக்கு நான் ஆப்பரேசன் மேசையிலயே போயிருந்தா, யார் பேரச் சொல்லியிருப்பீங்க?”